மீசை வெளுத்ததும் வந்த மாமனார்

என் மீசையை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் அரசு பஸ்ஸில் நான் ஸ்டியரிங் பிடித்த காலத்தில், வளைவில் முதலில் என் மீசை திரும்பும், அப்புறம்தான் பஸ் திரும்பும். அவ்வளவு நீளம். கறுப்பும் சாதாரணக் கறுப்பில்லை. காவலூரில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிறவர்கள், ராத்திரி சரியாக இருட்டவில்லை என்றால் நம்ம டிரைவர் சந்திரனின் மீசையைத்தான் இரவல் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள் என்று என் கண்டக்டர் லாசர் பயணிகளிடம் சொல்லுவான். அதில் கொஞ்சம்தான் பொய்.

அந்தக் கறுப்பு, டை டப்பாவிலிருந்து வருகிறது என்பது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் பலகை போட்டு உட்காருவேன். மீசையும் முன்தலையும் என் பொறுப்பு. கை எட்டாத பின்கழுத்து என் மனைவி செல்லியம்மாளின் பொறுப்பு.

"தலையை ஆட்டாதய்யா. காதுக்கும் சேத்துப் பூசிடுவேன்."

"பூசு. காதும் வாலிபமா இருக்கட்டும்."

"யோவ், அடங்குய்யா!"

என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான். கல்யாணமான புதிதில் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள், இருமுவாள். மகள் இளவரசி பிறந்த பிறகு ஒரு நாள் கோபத்தில் ஒரு "யோவ்" வந்தது. வந்தது அப்படியே தங்கிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். அந்தக் கை முந்தானைக்குப் போனாலே என் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் எதையும் குறைக்கவில்லை. ரேஷன் கடைக்குப் போவதென்றாலும் சவரம், பவுடர், மீசைக்கு மெழுகு, புருவத்துக்கு ஒரு இழுப்பு. சர்க்கரை வாங்க மாப்பிள்ளை ஊர்வலம் போகிறதா என்று லாசர் கேட்பான். ஓய்வுக்குப் பின் அவன் ரோட்டோரம் டீக்கடை போட்டிருந்தான். விசில் ஊதி ஊதிப் பழகிய வாய், சும்மா இருக்காது.

என்னைக் கவிழ்த்தது இளவரசி. திருப்பத்தூரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஆயுத பூஜை விடுமுறைக்கு மகளோடு வந்திருந்தாள். பால்காரர் மணியடித்ததும் நான் வெளுத்த தாடையோடு உள்ளே ஓடி, முகத்தை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, டை இல்லாம நீங்க வாசல் தாண்ட மாட்டீங்க, தெரியுமா?"

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். பயம்பா உங்களுக்கு."

"பயமா? பிரேக் புடிக்காத வண்டியை மலையில இருந்து எறக்கினவன்டி நான்!"

"அது வண்டிப்பா. இது மூஞ்சி."

இரண்டு வார்த்தைதான். எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது பொய். மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டேன், கோபத்தில். ஆனால் மறுநாள் காலை டை டப்பா, பிரஷ், பவுடர், மெழுகு, சின்னக் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். தெரு கேட்க அறிவித்தேன். "இன்னியில இருந்து சந்திரன் மூஞ்சிதான் சந்திரன் மூஞ்சி. புடிக்காதவங்க கண்ணை மூடிக்குங்க!"

அடுத்த சில வாரங்கள் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு. பாதி சுண்ணாம்பு அடித்துவிட்டு மேஸ்திரி ஓடிப்போன சுவர் மாதிரி இருந்தேன். திருப்பத்தூர் பஸ்ஸில் ஒரு இளைஞன் எழுந்து "பெருசு, வா, குந்து" என்றான். எனக்கு! அந்தத் தடத்தில் எத்தனையோ கிழவர்களை ஏற்றி இறக்கியவனுக்கு! திருப்பத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். முட்டி கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. உட்காரவில்லை. இளவரசி சொன்னது சரி என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. பயம்தான். கடை கண்ணாடியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தெரிந்தவர் வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன்.

அப்புறம் மெல்ல மெல்லப் பழகியது. மழையில் நனைந்தால் கழுத்தில் கறுப்பு வழியவில்லை. தலையணை உறை வெளுப்பாகவே இருந்தது. ஒரு நாள் டீக்கடையில் யாரோ "மீசை எங்க போச்சு?" என்று கேட்க, "அது ஓய்வு பெற ரொம்ப லேட்டாயிடுச்சி" என்றேன். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். குனியவில்லை.

செல்லியம்மாளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடமே அவளுக்கு மறதி தொடங்கியிருந்தது. உப்பை இரண்டு தடவை போடுவாள். குழாயைத் திறந்துவிட்டு மாடியேறிப் போவாள். வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, இது மறதி நோய், மெதுவாகத்தான் போகும், பயமுறுத்தாமல் கூட இருங்கள் என்றார். ஆனால் அதுவரை என்னையும் இளவரசியையும் பேத்தியையும் அவள் மறந்ததே இல்லை. டையை விட்ட முதல் சில ஞாயிறுகளில் "இன்னாய்யா, இன்னிக்குப் பலகை போடலியா?" என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மீசை நுனியில் மிச்சமிருந்த கறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

அந்த நுனியை நான்தான் வெட்டச் சொன்னேன். அன்பரசனின் சலூனில் உட்கார்ந்து, "கறுப்புன்னு ஒண்ணு கூட இருக்கக் கூடாது" என்றேன். வெட்டி முடித்துத் துணியை உதறினான். கண்ணாடியில் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நாற்காலியை விட்டு எழப் பார்த்தேன். என் அப்பாவின் முன்னால் நாங்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. மூன்று ஏக்கர் நிலத்தை முப்பது ஏக்கர் மாதிரி அதட்டியே விளைய வைத்தவர். அவர் வீட்டுக்குள் வந்தால் அடுப்பு கூடப் புகையை அடக்கிக்கொள்ளும். அவர் செத்து இருபது வருடமாகிறது.

வீட்டுக்கு வந்தேன். செல்லியம்மாள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்படி இருக்கிறேன் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் சட்டென்று எழுந்தாள். கை முந்தானைக்குப் போனது. இடுப்புக்குப் போகவில்லை. தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வாங்க மாமா. தண்ணி கொண்டாரட்டுங்களா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னை ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் சிரிப்பு வரவில்லை.

"அவரு டூட்டிக்குப் போயிருக்காரு மாமா. கடைசி வண்டியில வந்துடுவாரு."

என் சிரிப்பு பாதியில் நின்றது.

"செல்லி, நான்தான்டி."

அவள் முகத்தில் ஒரு திகில் வந்தது பாருங்கள். மாமனார் தன்னை "டி" போட்டுக் கூப்பிட்ட திகில். அதற்கப்புறம் நான் அப்படிச் சொல்லவில்லை.

முதல் சில நாட்கள் இதை நான் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? சோறு போட்டுவிட்டு அவள் கதவோரம் நிற்பாள். நான் கை கழுவினால்தான் தனக்குப் போட்டுக்கொள்வாள். "உக்காரும்மா" என்றால் "பரவால்லீங்க மாமா" என்பாள். ஆனால் மாமனாரிடம் அவள் பேசினாள். என்னைப் பற்றிப் பேசினாள்.

"உங்க புள்ளைக்கு வாய்தான் மாமா ஜாஸ்தி. பத்து சொன்னா ஒம்போது பொய்."

"அப்டியா?"

"ஆனா மனசு நல்ல மனசுங்க. மலை மேல அவரு வண்டி ஓட்டினா ஜனங்க தூங்கிக்கினே வருவாங்களாம். லாசரண்ணன் சொல்லுவாரு. அவருகிட்ட சொல்லிடாதீங்க மாமா, அப்புறம் தலையில ஏறிக்கினு ஆடுவாரு."

இத்தனை வருடக் குடித்தனத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள்! ஜவ்வாது மலை முழுவதும் கேட்கும்படி ஒரு ஹாரன் அடிக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் ஏதாவது சொல்லமாட்டாளா என்று இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம்தான் எல்லாம் கசந்தது.

மலையிலிருந்து இறங்கும் கடைசி வண்டி எங்கள் வீட்டைத் தாண்டித்தான் ஆலங்காயம் போக வேண்டும். பொழுது சாயும் நேரத்துக்கு அவள் கேட்டருகே போய் நிற்பாள். வண்டி வரும். வேகம் குறைக்காமல் போகும். தூசி அடங்கும். அவள் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்று, "அவரு வரலீங்களே மாமா" என்பாள். நான் அவளுக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"ஜமுனாமரத்தூர்ல நைட் ஹால்ட்டும்மா. ஃபோன் பண்ணான். நாளைக்கு வருவான்."

இப்படி எத்தனை நாளைக்கு ஒரு மனுஷனை மலையிலேயே தங்க வைப்பது? அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். வளையல் முழங்கை வரை ஏறியது. இளவரசியிடம் ஃபோனில் சொன்னேன்.

"அப்பா, டையை அடிச்சித் தொலைங்கப்பா. நான் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"நாளைக்கு வாங்கறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

சொன்னேன். வாங்கவில்லை. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாகச் சொந்த முகத்தோடு தெருவில் நடக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். பால்காரருக்குத் தெரிகிறது, பஸ்ஸில் ஏறுகிற பையனுக்குத் தெரிகிறது, இவளுக்கு மட்டும் தெரியாதா? தெரிந்துகொள்ளட்டும், இந்த முகத்தைப் பார்த்தே ஒரு "யோவ்" சொல்லட்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இளைத்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட அன்று கடைசி வண்டி வரவேயில்லை. மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். மின்சாரமும் போனது. செல்லியம்மாள் குடையை எடுத்துக்கொண்டு செருப்பு கூடப் போடாமல் வாசலில் இறங்கினாள்.

"எங்கம்மா போற?"

"மலை வரைக்கும் போய்ட்டு வர்றேங்க மாமா. வண்டியோட எங்கனா மாட்டிக்கினு இருப்பாரு."

"இந்த மழையிலயா? உள்ள வா."

"வழி வுடுங்க மாமா."

என் அப்பா உயிரோடிருந்தபோது அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். முந்தானை தோளிலேயேதான் இருந்தது. ஆனால் நான் நகரவில்லை என்றால் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். மாமனாரை மீறிப் புருஷனைத் தேடிப் போகிற அவளைப் பார்த்து, அந்தப் புருஷன்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

"இரும்மா. நீ போவாத. நான் போய் அவனைக் கூட்டிக்கினு வர்றேன்."

அந்த வார்த்தைக்கு நின்றாள்.

பின்கட்டுக்கு ஓடினேன். டை ஏது? அறிவிப்போடு குப்பைக்குப் போய்விட்டதே. பேத்தி விட்டுப்போன கண்மை டப்பா அலமாரியில் இருந்தது. மீசைக்குப் பூசினேன். புருவத்துக்குப் பூசினேன். மிச்சத்தைக் கிருதாவில் தேய்த்தேன். பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை இழுத்து மாட்டினேன். வயிற்றுப் பொத்தான் இரண்டும் என்னை அடையாளம் தெரியாது என்று மறுத்துவிட்டன. தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, டூட்டிப் பையைத் தோளில் மாட்டி, கொல்லை வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன்.

"யோவ்!"

அவள் கை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியது.

"எங்கய்யா போன இத்தினி நாளா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவறதுக்கு இன்னா கேடு? வூடுன்னு ஒண்ணு கீதா இல்லியா உனக்கு? மூஞ்சியைப் பாரு, திருட்டு மூஞ்சி!"

திட்டினாள், அப்படித் திட்டினாள். மழைச் சத்தத்தையும் மீறி அடுத்த ஊர் வரை கேட்டிருக்கும். நான் வாசலில் சொட்டச் சொட்ட நின்று ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது. துண்டை எடுத்து நீட்டினாள். நீட்டிய கை நடுவில் நின்றது. எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"மாமா எங்கய்யா?"

"எந்த மாமா?"

"இன்னாய்யா கேக்கற? உங்கப்பாய்யா. உன்னைத் தேடிக்கினுதானே போனாரு! உன்கூட வரல?"

என் வாயில் எப்போதும் பொய்க்குப் பஞ்சமில்லை. அன்று நானும் திரும்பி, ஆளில்லாத தெருவைப் பார்த்தேன்.

"வயசான மனுசனை மழையில அனுப்பிட்டேன்யா." அவள் அழத் தொடங்கினாள். "போவாதன்னுதான் எனக்குச் சொன்னாரு. நான் குந்தியிருந்திருக்கணும். போய்யா, போய்ப் பாருய்யா. உன் கால்ல விழறேன்."

டார்ச்சைக் கையில் திணித்தாள். என்னைத் தேடிக்கொண்டு நான் புறப்பட்டேன்.

லாசரின் கடையில் பெட்ரோமாக்ஸ் எரிந்துகொண்டிருந்தது. ஆளில்லை. என்னைப் பார்த்ததும் அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னாடா இது? தெருக்கூத்துக்குக் கெளம்பிட்டியா? ராவணன் வேஷமா?"

"எங்கப்பாவைத் தேடறேன்."

"அவரு செத்து இருபது வருசமாச்சேடா."

"அதான்டா கெடைக்க மாட்றாரு."

லாசருக்கு விஷயம் தெரியும். ஒரு டீ போட்டு என் முன்னால் வைத்தான். நான் குடிக்கவில்லை. அது ஆறியது. மைக்கறுப்பு சொட்டாக டம்ளருக்குப் பக்கத்தில் பலகையில் விழுந்தது.

"அப்பனா போனா புள்ளையைக் காணோம்னு அழுவா. புள்ளையா போனா அப்பனைக் காணோம்னு அழுவா. நான் யாராடா போறது?"

"மழை இன்னும் வுடல," என்றான் லாசர். "நடந்து போ. எது மிஞ்சுதோ அதோட போ."

நடந்தேன். முகத்தில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போய்விட்டது என்று தொட்டுப் பார்க்கவில்லை.

செல்லியம்மாள் வாசலில் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டே வந்ததும் அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"யோவ், இன்னாய்யா மூஞ்சியெல்லாம் கரி?"

மெழுகுவத்தியை ஜன்னல் கட்டையில் நிறுத்திவிட்டு, முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புருவத்தைத் துடைத்தாள். கன்னத்தைத் துடைத்தாள். மீசையை அழுத்தித் துடைத்தாள். என் தலைத் துண்டையும் அவிழ்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் நான் கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவாகிக்கொண்டிருந்தேன். அவள் கை நின்றது. இப்போது முந்தானை தோளுக்குப் போகும், கதவுக்குப் பின்னால் போவாள் என்று காத்திருந்தேன்.

"இன்னாய்யா, இப்டி வெளுத்துப் போய்ட்ட?"

கண்ணைத் திறந்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழையில நனைஞ்சேன்ல, அதான்."

"மழையில யாரனா வெளுப்பாங்களா? பொய்யி." அவள் விரல் என் மீசையில் இருந்தது. "உங்கப்பா மாரியே கீற."

"ஆமா."

"உங்கப்பாதான் செத்துட்டாரே." அதைச் சொல்லிவிட்டு அவளே அதைக் கேட்டாள் போலிருந்தது. முகம் மாறியது. "எனக்கு மறந்து மறந்து போவுதுய்யா. உன்னைத் தெரியாம எதனா பேசிட்டனா?"

"இல்ல செல்லி. என்னைப் பத்திப் பெருமையாத்தான் பேசின. மனசு நல்ல மனசுன்ன. மலையில நான் ஓட்டினா ஜனங்க தூங்கிக்கினே வருவாங்கன்ன."

"சும்மா பொய் சொல்லாதய்யா."

என் வாழ்க்கையில் பொய் கலக்காமல் நான் சொன்னது அது ஒன்றுதான். அவள் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் இரண்டு வாய் சாப்பிட்டாள். என் வெள்ளைத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை காபியோடு வந்தவள் என்னைப் பார்த்ததும் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இளவரசி அந்த வாரமே டை வாங்கிக்கொண்டு வந்தாள். அதையும் கண்மை டப்பாவையும் அவள் பையிலேயே திருப்பி வைத்தேன். கோபித்துக்கொண்டாள். அழவும் செய்தாள். "அம்மா சந்தோசம்தாம்பா முக்கியம்" என்றாள். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ராத்திரி என் வெறும் முகத்தைப் பார்த்து ஒரு தடவை அவள் "இன்னாய்யா" என்றிருக்கிறாள். கறுப்பைப் பூசிக்கொண்டால் மறுபடி மாமனாரைக் காணோம் என்று மழையில் நிற்பாள். நான் செய்வது சரிதானா என்று எனக்கே நிச்சயமில்லை. சில நாள் அவள் சாப்பிடாமல் படுக்கும்போது டையைத் திருப்பிக் கொடுத்த கையை வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் கடைசி வண்டியின் சத்தம் கேட்டதும் நான் கொல்லை வழியாக வெளியே போகிறேன். டூட்டிப் பையைத் தோளில் மாட்டி, வெள்ளை மீசையோடு முன்வாசல் வழியாக உள்ளே வருகிறேன். கேட்டருகே நிற்கிற அவள் திரும்பிப் பார்ப்பாள். கை முந்தானைக்குப் போகும். பல நாள் தோளுக்கு. எப்போதாவது ஒரு நாள் இடுப்புக்கு. அப்படிச் செருகிய அன்று வாங்கிய திட்டை லாசரின் கடையில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பேன், ஒன்றுக்குப் பத்தாகப் பெருக்கி.

இன்றைக்குத் தோளுக்குப் போனது.

"அவரு வரலீங்களே மாமா."

"வருவான்மா. வண்டி லேட்டு. நீ உக்காரு, உக்காந்து சாப்பிடு."

எப்போதும்போல "பரவால்லீங்க" என்பாள் என்றிருந்தேன். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து, எனக்கு எதிரில், பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்குச் சோறு போட்டேன்.

நாளைக்கும் அந்த வண்டி உண்டு.